கன்னம் ஒட்டிப்போச்சு, தாடை தொங்குது... க்ரீம் வாங்கவா அக்கா?

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், எடை குறைஞ்சுது ஆனா முகம் கிழடாயிடுச்சு. புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வரி: நான் டாக்டர் இல்ல, இருபது வருஷத்துக்கு மேல ஸ்கின் ஓபி-ல டாக்டர் பக்கத்துல நின்ன நர்ஸ். அங்க பாத்தது, கேட்டது, கத்துக்கிட்டதுதான் இங்க வரும்.

கேள்வி: அக்கா, எனக்கு வயசு 46. போன மாசி மாசம் 84 கிலோ. சுகருக்காக டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதிக் குடுத்தார், நான் கூடவே நைட் சாப்பாட்டையும் நிறுத்திட்டேன். நாலே மாசத்துல 66. ஜாக்கெட் எல்லாம் பிடிச்சு தைச்சாச்சு, சந்தோஷம்தான், ஆனா கண்ணாடில பாத்தா எங்கம்மா நிக்கிற மாதிரி இருக்கு. கன்னம் ஒட்டிப்போச்சு, தாடைக்கு கீழ தோல் தொங்குது, கையத் தூக்கினா மேல்கை சதை ஆடுது. பஸ்ல பாக்கறவங்க எல்லாம் உடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்க. ஆவணில பொண்ணு கல்யாணம். 3,000 ரூபாய்க்கு ஒரு ஸ்கின் டைட்டனிங் க்ரீம் பாத்து வச்சிருக்கேன், வாங்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

வாங்காதீங்க. தொங்கற தோல தூக்கி நிறுத்தற க்ரீம் எதுவும் கிடையாது. கொலாஜன் க்ரீம்னு விக்கறாங்களே, கொலாஜன் மூலக்கூறு சுமார் 3,00,000 டால்டன், நம்ம மேல்தோல் உள்ள விடறது 500 டால்டனுக்குள்ள இருக்கற பொருளத்தான், அப்ப அந்த 3,000 ரூபா எங்க போகும்? தோல் மேலயே கிடந்து ராத்திரி தலகாணில ஒட்டிட்டு போகும்.

நடந்தது என்னன்னா, நாலு வருஷம் போட்ட கம்பளி ஸ்வெட்டரோட கை விளிம்ப பாருங்க, புதுசுல மணிக்கட்டப் புடிச்சு நிக்கும், இழுத்து இழுத்து ஒருநாள் அப்படியே லூசாயிடும். தோலுக்குள்ள இழுத்துப் புடிக்கற அந்த வேலைய செய்யறது எலாஸ்டின், தோலுக்கு பலம் குடுக்கறது கொலாஜன். பல வருஷம் 84 கிலோவுக்கு விரிஞ்சு நின்ன தோலுக்கு உள்ள இருந்த கொழுப்ப நாலு மாசத்துல எடுத்துட்டீங்க, அது சுருங்க டைமே குடுக்கல. வாரத்துக்கு அரை கிலோவுல இருந்து ஒரு கிலோதான் நல்ல வேகம், நீங்க அதத் தாண்டிட்டீங்க. வயசும் ஒரு காரணம், மாதவிலக்கு நின்ன முதல் அஞ்சு வருஷத்துல தோல்ல உள்ள கொலாஜன் கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிடும்னு சொல்வாங்க, நீங்க அந்த வாசல்ல நிக்கறீங்க.

ஆனா எல்லாமே எடை குறைஞ்சதால இல்ல. சட்டைக் கைய மேல தள்ளி மேல்கையோட உள்பக்கத்த பாருங்க, அப்புறம் அதே கையோட புறங்கைய பாருங்க. ரெண்டும் ஒரே வயசு தோல்தான், ஒண்ணு வழவழன்னு இருக்கும், இன்னொண்ணு புள்ளி புள்ளியா சுருக்கமா இருக்கும். அந்த வித்தியாசத்துல பெரும்பகுதி வெயில் பண்ணினது. நம்ம ஊர்ல குளிருதுல்ல, வெயில் சுடறதில்லன்னு யாரும் கண்டுக்கறதில்ல, ஆனா சூட்டுக்கும் புற ஊதாக்கதிருக்கும் சம்பந்தமே இல்ல. ஆயிரம் மீட்டர் ஏறினா அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுது, கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர், அப்ப கீழ மேட்டுப்பாளையத்துல வேர்த்து ஊத்தறவங்கள விட இங்க ஸ்வெட்டர் போட்டுட்டு தோட்டத்துல நிக்கற நமக்குத்தான் முகத்துல அடி ஜாஸ்தி. மெல்லிசு மேகமா இருந்தா அதுலயும் பெரும்பகுதி இறங்கிடும். காட் ரோட்டுல வருஷக்கணக்கா பஸ் ஓட்டின டிரைவர் ஒருத்தர் ஓபி-க்கு வருவார், ஜன்னல் பக்கம் இருக்கற வலது கன்னம் மட்டும் இடது கன்னத்த விட பத்து வயசு மூத்த மாதிரி இருக்கும். கண்ணாடி ஏத்தி விட்டாலும் சுருக்கம் உண்டாக்கற யூவிஏங்கற புற ஊதாக்கதிர் உள்ள வரும்.

அதனால மொதல் செலவு சன்ஸ்கிரீன். ட்யூப் மேல எஸ்பிஎஃப் 30-க்கு மேல, பிஏ மூணு பிளஸ்னு போட்டிருக்கணும், ரெண்டு விரல் நீளத்துக்கு பிதுக்கி முகம், காது, கழுத்து எல்லாத்துக்கும். கழுத்த எல்லாரும் மறந்துடுவாங்க, தொங்கறதே அதுதான். வெளிய நின்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி போடணும்.

ராத்திரிக்கு ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம்னு ஒரு சின்ன ட்யூப், நல்ல ஆதாரம் உள்ளது அதுதான். ஸ்கின் டாக்டர் எழுதிக் குடுத்து வாங்குங்க. பட்டாணி அளவு, காய்ஞ்ச முகத்துல, வாரம் ரெண்டு ராத்திரி மட்டும், மேல மாய்ஸ்சரைசர். மொத மாசம் தோல் உரியும், எரியும், எல்லாரும் அங்கதான் விட்டுடறாங்க. பலன் தெரிய மூணு நாலு மாசம் ஆகும், அதனால கல்யாணத்துக்கு இத நம்பாதீங்க, அடுத்த பொங்கலுக்கு நம்புங்க. அதுலயும் மெல்லிசு கோடும் கருமையும்தான் குறையும், தொங்கல் இல்ல.

இனி சாப்பாடு. ஊசி போட்டா பசி செத்துடும், ரெண்டு இட்லியோட நாள ஓட்டிடறாங்க, ஒரு இட்லில புரோட்டீன் ரெண்டு கிராம் இருந்தாலே பெருசு. உங்க எடைக்கு ஒரு நாளைக்கு 65-ல இருந்து 80 கிராம் வரைக்கும் வேணும். ஒரு முட்டை 6 கிராம், 100 கிராம் பன்னீர் சுமார் 18, அதோட அவரைக்கொட்டை, பருப்பு, மீன்னு சேர்த்துக்கணும் (கிட்னி பிரச்சினை இருந்தா டாக்டர கேட்டுட்டு). இல்லன்னா கொழுப்போட சதையும் சேர்ந்து கரையும், மேல்கை ஆடறது பாதி அதனாலதான். கோத்தகிரி மேட்டுல ஏறி இறங்கறதுல உங்க காலு கல்லு மாதிரி இருக்கும், கைக்கு என்ன வேலை குடுத்தீங்க? ஒரு லிட்டர் பாட்டில் ரெண்டு எடுத்து தண்ணி ரொப்பி வாரம் மூணு நாள் தூக்குங்க.

ஊசிய நீங்களா நிறுத்தாதீங்க, வேகத்த கொறைக்கலாமான்னு எழுதிக் குடுத்தவர கேளுங்க. எடை ஒரே எண்ணுல நின்னப்புறமும் ஆறு மாசம் ஒரு வருஷம் வரைக்கும் தோல் கொஞ்சம் கொஞ்சமா இறுகும், அதுக்கு முன்னாடி ஆபரேஷன் பேச்சே வேணாம். கல்யாணத்துக்குள்ள கண்டிப்பா கன்னம் நிரம்பணும்னா ஃபில்லர்னு ஊசியால உள்ள ஏத்தற ஜெல் ஒண்ணு இருக்கு, உடனே தெரியும், கொஞ்ச மாசத்துல கரையும், செலவு ஜாஸ்தி. பண்றதா இருந்தா முறையா படிச்ச தோல் டாக்டர்கிட்ட, ஒரு மாசம் முன்னாடியே. பியூட்டி பார்லர்ல வேணவே வேணாம், தப்பா குத்தி ரத்தக்குழாய் அடைச்சா கண்ணு பார்வையே போயிருக்கு.

பஸ்ல கேக்கறவங்ககிட்ட, சுகர் இறங்கிடுச்சுன்னு சொல்லுங்க. அப்புறம் அவங்களே ஊசி பேர் கேப்பாங்க.

கேள்வி: டயட்ல 12 கிலோ குறைஞ்சு கழுத்து தொளதொளன்னு ஆயிடுச்சு. பூண்டு அரைச்சு போட்டா இறுகும்னு சொன்னாங்க. நம்ம ஊர் மலைப்பூண்டு போட்டு அரை மணி நேரம் கட்டி வச்சேன். இப்ப செவந்து எரியுது.
– வாசகி, பூம்பாறை

அது வெந்துபோச்சும்மா. பச்சைப் பூண்டு தோல்ல கட்டினா தீக்காயம் மாதிரியே புண்ணாகும். பச்சத்தண்ணில நல்லா கழுவிட்டு வாசலின் மட்டும் தடவுங்க, மஞ்சள் எலுமிச்சைன்னு மேல மேல எதையும் போடாதீங்க. கொப்புளம் வந்தா கொடைக்கானல் போய் காட்டிடுங்க. ஆறினப்புறம் கருப்பா தடம் நிக்கும், மாசக்கணக்குல ஆகும், துப்பட்டாவால மூடி வெயில் படாம பாத்துக்கிட்டா சீக்கிரம் போகும். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பூண்டு அது, கொழம்புல போடுங்கம்மா.

கேள்வி: எடை குறைச்சதுல முகம் டல்லாயிடுச்சுன்னு தினமும் மூணு கிளாஸ் கேரட் ஜூஸ் குடிக்கறேன். வீட்டுத் தோட்டத்து கேரட்தான். ரெண்டு மாசத்துல உள்ளங்கை மஞ்சளாயிடுச்சு, மஞ்சக்காமாலையா?
– வாசகர், கேத்தி

கண்ணு வெள்ளையாவே இருக்கா? அப்ப காமாலையா இருக்க வாய்ப்பு கம்மி, கேரட்ல உள்ள பீட்டா கரோட்டின் தோல்ல படிஞ்சிருக்கும். ஜூஸ நிறுத்துங்க, சில வாரத்துல தானா போயிடும். கண்ணும் மஞ்சளா இருந்தா, யூரின் டீ டிகாக்ஷன் மாதிரி போனா அன்னிக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணிடணும்.

கேள்வி: மேடம், எனக்கு 52. டயட் எதுவும் இல்ல, நல்லாத்தான் சாப்பிடறேன், மூணு மாசத்துல 7 கிலோ இறங்கிடுச்சு. கன்னம் ஒட்டி தோல் சுருங்குது. வீட்ல ஏதாவது க்ரீம் கேட்டு எழுதச் சொன்னாங்க.
– வாசகர், கூடலூர்

சார், உங்களுக்கு க்ரீம் எழுத மாட்டேன். முயற்சியே பண்ணாம எடை இறங்கினா அது அழகு சமாச்சாரம் இல்ல. சுகர், தைராய்டு, ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே, இருமல் இருந்தா சளி டெஸ்ட். டிபி டெஸ்டும் மருந்தும் அரசு ஆஸ்பத்திரில காசில்லாமதான். இத படிச்ச வாரமே போங்க, எல்லாம் நார்மல்னு வந்தாலும் டாக்டர் விடற வரைக்கும் விடாதீங்க.

கேள்வி: குழந்தைக்கு எட்டு மாசம், பால் குடுக்கறேன். 15 கிலோ குறைச்சதுல வயிறு மடிஞ்சு தொங்குது, மடிப்புக்குள்ள செவந்து அரிக்குது. பக்கத்து வீட்டக்கா படர்தாமரைக்கு வச்சிருந்த ட்யூப் குடுத்தாங்க, சூப்பரா கேட்டுச்சு, விட்டா மறுபடி வருது. முகத்துக்கும் லேசா போட்டேன், பளபளன்னு இருந்துச்சு, இப்ப வெயில்ல போனா எரியுது.
– வாசகி, குன்னூர்

அந்த ட்யூப்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன்னு இருந்தா அது ஸ்டீராய்டு. ரெண்டு நாள்ல அரிப்பு அடங்கும், உள்ள பூஞ்சை சந்தோஷமா வளரும், தோல் காகிதமா மெலிஞ்சு மடிப்புல வரி வரியா பிளக்கும். ஏற்கனவே தொங்கற தோல இன்னும் மெலிசாக்கற மருந்து அது, முகத்துக்கு போட்டது அத விட தப்பு. டாக்டர்கிட்ட ட்யூபையே கொண்டு போய் காட்டுங்க, முகத்துல எப்படி நிறுத்தறதுன்னு அவர் சொல்வார், சட்டுன்னு விட்டா முகம் இன்னும் செவக்கும். மடிப்ப குளிச்சதும் பருத்தித் துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க, காய்ஞ்சப்புறம்தான் உள்பாவாடை. சாரல் மாசத்துல துணி ஈரமாவே இருக்கும், அயர்ன் பண்ணிப் போடுங்க. மேல கோத்தகிரிக்காரங்களுக்கு சொன்ன ராத்திரி ட்யூப் உங்களுக்கு இல்ல, பால் நிறுத்தினப்புறம் பாத்துக்கலாம். அடுத்த குழந்தைக்கு முயற்சி பண்றவங்களும் அத தொடக்கூடாது.

கேள்வி: எடை குறைஞ்சதுல இருந்து குளிர் தாங்கவே முடியலக்கா. சாயங்காலம் ஆனா கரி அடுப்ப காலுக்கு பக்கத்துல வச்சுட்டு உக்காந்துடறேன். முழங்காலுக்கு கீழ முன்பக்கம் வலை போட்ட மாதிரி பழுப்பு கோடு வந்திருக்கு, தேங்காய் எண்ணெய் தேய்ச்சும் போகல.
– வாசகி, ஊட்டி

உங்களுக்கு கொழுப்புங்கற போர்வை போயிடுச்சு, குளிரத்தான் செய்யும். அந்த வலைக்கோடு அடுப்புச் சூடு பட்டுப் பட்டு வந்தது, கொப்புளிக்கற அளவு சூடு இல்ல, ஆனா தினமும் மணிக்கணக்கா பட்டா தோலுக்குள்ள எலாஸ்டின் கெட்டுப் போகும், வெயில் பண்ற அதே வேலைதான். அடுப்ப தள்ளி வச்சா புதுக்கோடு மாசக்கணக்குல மங்கும், பல வருஷப் பழசுன்னா நின்னுடும். அந்த இடத்துல புண்ணோ கட்டியோ வந்து ஆறலன்னா கண்டிப்பா காட்டணும். கதவ சாத்திட்டு கரி மூட்டறது தோல விட உசுருக்கு ஆபத்து, அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கு வாசனையே இருக்காது, தூக்கத்துலயே ஆள் போயிடுவாங்க.

கொதிக்கற தண்ணில குளிக்கறதையும் கொறைங்க, வெதுவெதுப்பு போதும், ஈரம் காயறதுக்குள்ள எண்ணெய் தடவுங்க. ஊட்டில டப்பாக்குள்ள கல்லு மாதிரி உறைஞ்சுதான் இருக்கும், சுரண்டி எடுத்து உள்ளங்கைல தேய்ச்சா உருகிடும், அதுக்காக அத அடுப்பு பக்கத்துல வைக்கறேன்னு மறுபடியும் அங்க போய் உக்காராதீங்க.