உலகத்தில் கனடா இல்லை

கேள்வி: 'ஜானி இங்கிலீஷ் ரீபார்ன்' அமெரிக்காவில் மண்ணைக் கவ்வியது. ஆனால் உலக அளவில் வசூலைக் குவித்தது என்கிறார்கள். இது எப்படி? அமெரிக்கர்களுக்கு நகைச்சுவை உணர்வு குறைவா? மூன்றாம் பாகத்தை நம்பிப் பார்க்கலாமா?

– பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், காரைக்குடி

பதில்: 'உலக அளவில்' என்று எழுதிவிட்டீர்கள். இனி உங்களை லேசில் விடுவதாக இல்லை.

ஹாலிவுட் கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்த தேசங்கள் மொத்தமே இரண்டு. ஒன்று உள்நாடு, இன்னொன்று மிச்சம். உள்நாடு என்றால் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்தது. கனடாவுக்கு என்று தனிக் கொடி, தனிப் பிரதமர், தனி டாலர், டொரான்டோவில் நம்மவர்களின் தனிப் பட்டிமன்றம் எல்லாம் உண்டு. இருந்தும் என்ன, ஒரு கனடாக்காரர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டு தியேட்டருக்குள் போனதும் அமெரிக்கராகிவிடுகிறார். படம் முடிந்து பார்க்கிங்கில் வண்டியைத் தேடும்போதுதான் அவருக்கு மறுபடி குடியுரிமை. இந்த ஏற்பாட்டில் மிச்சம் என்பது இங்கிலாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியா, பிரேசில், சீனா, நீங்கள், நான், காரைக்குடி. அந்த மிச்சத்துக்குத்தான் பத்திரிகைகளில் 'சர்வதேசச் சந்தை' என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சிரிக்காதீர்கள், நம் கோடம்பாக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 38 ஆகிவிட்டன. விநியோகஸ்தர்கள் இன்னும் 'என்.எஸ்.சி.' என்றுதான் ஏரியா விற்கிறார்கள். வடாற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு என்று அதற்கு அர்த்தம். முதல் இரண்டும் அரசாங்க வரைபடத்திலிருந்து மறைந்து எத்தனையோ காலமாயிற்று, சினிமாக்காரர்களின் வரைபடத்தில் மட்டும் சௌக்கியமாக இருக்கின்றன. வெளிநாட்டு உரிமைக்கு 'எஃப்.எம்.எஸ்.' என்று பெயர். வெளிநாடு, மலேசியா, சிங்கப்பூர். அதாவது மலேசியாவும் சிங்கப்பூரும் வெளிநாடு அல்ல! கனடாவை விழுங்கியவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை போதாது.

சரி, படத்துக்கு வருகிறேன். ஜானி இங்கிலீஷ் பிறந்தது சினிமாவில் அல்ல. தொண்ணூறுகளில் பிரிட்டனில் ஒரு கிரெடிட் கார்டு விளம்பரத்தில் ரோவன் அட்கின்சன் ஓர் அசட்டு உளவாளியாக வந்து போனார். அந்த ஆளைத்தான் பெயர் மாற்றி 2003-ல் படமாக்கினார்கள். இரண்டாம் பாகமான 'ரீபார்ன்' 2011-ல் வந்தது. மூன்றாவது, 'ஜானி இங்கிலீஷ் ஸ்ட்ரைக்ஸ் அகெய்ன்', 2018-ல்.

வேடிக்கை என்னவென்றால் மூன்று படங்களின் மொத்த வசூலும் ஏறக்குறைய ஒன்றேதான். தலா 16 கோடி டாலர் சுமார். ரேஷன் கடையில் அளந்து போட்டதுபோல! அதில் 'உள்நாட்டு'ப் பங்கை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். முதல் படத்துக்கு 2.8 கோடி, இரண்டாவதுக்கு 83 லட்சம், மூன்றாவதுக்கு 44 லட்சம். ரீபார்னுக்கு நூறு டாலர் வந்தது என்றால் அதில் அமெரிக்கா கொடுத்தது ஐந்து. அடுத்த படத்தில் மூன்றுகூட இல்லை. அமெரிக்கா சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்டது, மற்றவர்கள் நகர்ந்து உட்கார்ந்து அந்த இடத்தை நிரப்பிவிட்டார்கள்.

முழுக்கவும் நிரப்பவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினைந்து வருஷத்தில் டிக்கெட் விலை எங்கேயும் இறங்கியதாகத் தெரியவில்லை. விலை ஏறியும் மொத்தம் அதே 16 கோடி என்றால் பார்த்த தலைகள் குறைந்திருக்கின்றன என்று அர்த்தம். 'மூன்று முறையும் அதே வெற்றி' என்று விளம்பரத்தில் போட்டால் யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் நீங்களாவது ஏமாறாதீர்கள்.

அமெரிக்கர்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று எழுதி என்னை வம்பில் மாட்டிவிடப் பார்க்கிறீர்கள். அதே 2011 மே மாதம் 'தி ஹேங்ஓவர்' இரண்டாம் பாகம் அங்கே 25 கோடி டாலருக்கு மேல் வாரியது. ஆகவே நன்றாகத்தான் சிரிக்கிறார்கள், இந்த ஆளைப் பார்த்துச் சிரிப்பதில்லை, அவ்வளவுதான். அக்டோபர் 21 அன்று ரீபார்ன் அங்கே இறங்கியபோது கூடவே ஒரு பேய்ப்படத்தின் மூன்றாம் பாகமும் இறங்கியது. முதல் மூன்று நாளில் பேய்க்கு 5 கோடி டாலருக்கு மேல். நம்மாளுக்கு ஆயுசுக்கும் சேர்த்து 83 லட்சம்.

தயாரிப்பாளர்கள் இதை எதிர்பார்த்தே இருந்தார்கள் என்று நினைக்கிறேன். அட்கின்சன் படங்களை வெளியில் ஓடவிட்டு அமெரிக்காவுக்குக் கடைசியில் கொண்டுபோவது பழைய வழக்கம். 1997-ல் 'பீன்' அப்படித்தான் போனது. ரீபார்ன் முதலில் செப்டம்பரில் ஆஸ்திரேலியா, அக்டோபர் 7-ல் பிரிட்டன், அப்புறம்தான் அமெரிக்கா. அங்கே படம் படுத்த செய்தி வருவதற்குள் மற்ற ஊர்களில் பாதி கல்லா நிரம்பியிருக்கும். புத்திசாலிகள்!

மற்ற நாட்டுக்காரர்களுக்கு மட்டும் ஏன் இவர்மேல் இத்தனை பாசம்? 1990 புத்தாண்டு தினத்தில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தொடங்கிய, அட்கின்சனே நடித்த 'மிஸ்டர் பீன்' விதைத்த விதை அது. அந்த மனிதர் பேசவே மாட்டார், முனகுவதோடு சரி. டப்பிங் வேண்டாம், சப்டைட்டில் வேண்டாம், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் புரியும். ஊர் ஊராக ஒரு தலைமுறையே அந்த முகத்தோடு வளர்ந்தது. 2007-ல் வந்த 'மிஸ்டர் பீன்ஸ் ஹாலிடே' 23 கோடி டாலர் சம்பாதித்தது, அதில் அமெரிக்கா தந்தது 3.3 கோடிதான். ஜானி இங்கிலீஷ் வாய் ஓயாமல் பேசுகிற ஆள் என்பது வாஸ்தவம். இருந்தும் சனங்கள் டிக்கெட் வாங்குவது அந்தப் பேச்சுக்காக அல்ல.

ரீபார்னில் ஒரு நாற்காலி வருகிறது. படத்தின் உண்மையான கதாநாயகன் அதுதான் என்பது என் கட்சி. உளவுத்துறை மேலிடம் கூடியிருக்கிறது, பிரதமர் இருக்கிறார், விஷயம் படு சீரியஸ். நம் ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் விசையில் கை பட்டுவிடுகிறது. நாற்காலி மெதுவாக மேலே போகிறது. மேசை முழங்கால் மட்டத்துக்கு இறங்கிப் போனபிறகும் முகத்தில் அதே தேசக் கவலை. பிறகு கீழே இறங்கத் தொடங்குகிறது. கழுத்து, மோவாய் என்று ஒவ்வொன்றாக மேசைக்கடியில் மறைய, அவர் கவனமாகக் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டே முங்குகிறார். மறுபடி ஏற்றம். 'என்னய்யா இது?' என்று ஒருவர் கேட்கட்டுமே, ஊஹும். உயர் அதிகாரிகள் கூடிய கூட்டம் எதையாவது பார்த்தவர்களுக்குத் தெரியும், உண்மையிலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

எங்கள் அலுவலகத்திலும் சுழல் நாற்காலிகள் உண்டு. எல்லாம் இறங்கும், எதுவும் ஏறாது. உதவி ஆசிரியர் ஒருவர் காலையில் வரும்போது என் உயரம் இருப்பார், ராசிபலன் பக்கம் முடிகிற நேரத்துக்கு மேசைமேல் அவர் தலைமுடி மட்டும் தெரியும். 'மாற்றித் தரக்கூடாதா சார்?' என்று அங்கிருந்து ஒரு குரல் வரும். நிர்வாகத்திடம் சொல்லிப் பார்த்தேன். 'மேசையை வேண்டுமானால் அறுத்துத் தருகிறோம்' என்றார்கள். இப்போது மேசை பாதி, ஆள் பாதி, பத்திரிகை மட்டும் நேரத்துக்கு வருகிறது.

இப்படிப்பட்ட நகைச்சுவையைக் கண்டாலே கொதிக்கிற ஒரு பேராசிரியர் நண்பர் எனக்கு உண்டு. 'முகத்தைக் கோணுவது நடிப்பா?' என்று இதே பக்கத்துக்கு அவர் எழுதிய கடிதங்களைச் சேர்த்தால் தனி மலரே போடலாம். ஐயா, முகத்தைக் கோணிக் காட்டுவது சுலபம், கோணாமல் நாற்காலியோடு மேலும் கீழும் போய்வருவதுதான் கஷ்டம். சந்திரபாபு விழுந்ததைப் பார்த்தவர்களுக்கும், வசனம் இல்லாத நேரத்தில் நாகேஷின் கைகால்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று கவனித்தவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இன்று நம் காமெடியர்கள் ஓரிடத்தில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் எதுகை மோனையோடு திட்டுகிறார்கள். அது வாளையார் செக்போஸ்ட்டைத் தாண்டினால் எடுபடுவதில்லை. அப்புறம் 'நம் படத்துக்கு வெளியே மார்க்கெட் இல்லை' என்று புலம்பல். பேராசிரியர் இதற்கும் எழுதுவார், எழுதட்டும்.

'குவித்தது' என்றும் எழுதியிருக்கிறீர்கள். 16 கோடியும் தயாரிப்பாளர் வீட்டு வாசலில் குவிந்ததாக நினைத்துவிடாதீர்கள். அது ரசிகர்கள் கவுண்டரில் கொடுத்த மொத்தப் பணம். தியேட்டர்காரர் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்வார், சில நாடுகளில் அதைவிட அதிகமாகவும். சீனாவில் 2012-ல் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு வெளிநாட்டுப் படத்துக்குக் கிடைப்பது நூற்றுக்கு 25. அதற்கு முன் அதுவும் இல்லை. மிச்சத்தில் விநியோகஸ்தர் கமிஷன், போஸ்டர், பிரிண்ட், டிவி விளம்பரம் எல்லாம் போக வேண்டும். இதை நான் எத்தனை தடவை எழுதினாலும், ரிலீசான மறுநாளே 'நூறு கோடி' என்று கேக் வெட்டுகிறவர்கள் வெட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அந்தக் கேக்கும் செலவுக் கணக்கில்தான் சேரும்.

அட்கின்சனின் உண்மையான வசூல் சாதனை படத்தில் இல்லை, காரில் இருக்கிறது. அவர் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் படித்தவர், கார் பைத்தியம். 1997-ல் மெக்லாரன் எஃப்1 என்ற காரை 5,40,000 பவுண்டுக்கு வாங்கினார். இரண்டு தடவை மோதினார். இரண்டாவது மோதல் 2011 ஆகஸ்டில், அதாவது ரீபார்ன் வெளியாகச் சில வாரங்கள் முன்பு. கார் தீப்பிடித்தது, மனிதர் தோளில் அடியோடு தப்பினார். பழுதுபார்க்க இன்ஷூரன்ஸ் கொடுத்தது சுமார் 9,10,000 பவுண்ட் என்று அப்போது செய்தி. வாங்கிய விலையைவிட ரிப்பேர் செலவு அதிகம்! நாமாக இருந்தால் எடைக்குப் போட்டிருப்போம். அவர் சரிசெய்து ஓட்டினார், 2015-ல் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றதாகச் சொன்னார்கள். இரண்டு தடவை மோதிய ஒரு பொருள் பதினைந்து மடங்கு விலைக்குப் போயிருக்கிறது. எந்த இரண்டாம் பாகமும் இப்படி ஓடியதில்லை.

மூன்றாம் பாகம்தானே? பாருங்கள். கண்ணை மறைக்கும் மெய்நிகர் கருவியை மாட்டிக்கொண்டு தான் இருப்பது பயிற்சி அறை என்ற நினைப்பில் லண்டன் தெருவில் இறங்கும் காட்சிக்குக் காசு தகும். மற்றதற்கு நான் பொறுப்பில்லை. வீட்டில் பத்து வயதுக்குள் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், படம் இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கும்.