மேடைப் புரட்சிக்காரர்களை நக்கலடித்து றொக் பாட்டு எழுதுவது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில் பேண்ட் வைத்திருக்கிறீர்கள்; மேடையில் புரட்சி பாடிவிட்டு இறங்கியதும் வேறு ஆளாகிவிடும் பாடகர்களைப் பற்றி எழுத வழி கேட்கிறீர்கள். முதலில், "நீ போலி" என்று திட்டுகிற வரிகள் எல்லாவற்றையும் வெட்டுங்கோ. அந்தப் போலியையே "நான்" என்று பாட விடுங்கோ. அவன் தன் வாயாலேயே பிடிபட வேணும்.

பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில றொக் பேண்ட் 1975இல் செய்தது அதுதான். 'ஹேவ் எ சிகார்' முழுக்க இசைத்தட்டுக் கம்பனிக்காரன் ஒருவனின் பேச்சு. பேண்ட் அற்புதம் என்று உருகுகிறான், அடுத்த மூச்சிலேயே உங்களில் பிங்க் யார் என்று கேட்கிறான். அப்படி ஒரு ஆளே இல்லை! அந்தக் கேள்வி போதும்.

4/4 தாளத்தில், நிமிடத்துக்கு 120 பீட் என்றால் எட்டு பார் (நாலு பீட் ஒரு பார்) 16 செக்கன். அதற்குள் இரண்டு விபரத்துக்கு மேல் ஏற்றினால் ஒன்றும் காதில் நிற்காது. முதல் வரியில் கொள்கை, அடுத்த வரியில் அதை உடைக்கிற பொருள்:

ஏழைக்காகப் பாடுறன்
ஏசியைக் கொஞ்சம் கூட்டுங்கோ

பொருள் கண்ணுக்குத் தெரிய வேணும். ஏசி, ஓட்டோக்காரரோடு ஐம்பது ரூபாய்க்குச் சண்டை, இந்த மாதிரி. "பேராசை", "வேஷம்" என்ற சொற்கள் வந்தால் வரி செத்துவிடும். இழுக்கிற நோட்டில் குறிலையும் வைக்காதேங்கோ, சனத்துக்கு 'விடு' 'வீடு' என்றுதான் கேட்கும்.

பிழை வருகிறது பெரும்பாலும் கோரஸில், அதாவது திரும்பத் திரும்ப வருகிற பகுதியில். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1984ஆம் ஆண்டு 'போர்ன் இன் த யூஎஸ்ஏ' வியட்நாம் போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அலைகிறவனின் கதை. கோரஸ் மட்டும் முழங்கியதால் பலர் அதைத் தேசபக்திப் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். அதனால் கோரஸிலும் ஒரு வரி அவனைக் காட்டிக்கொடுக்கட்டும். அந்த வரிக்கு ட்ரம்ஸும் கிட்டாரும் ஒரு பார் நிற்கட்டும்.

பகிடி பண்ணினால் அது றொக் இல்லை என்று சிலர் வருவார்கள். கிங்க்ஸ் என்ற ஆங்கில பேண்ட் 1965இலேயே 'எ வெல் ரெஸ்பெக்டட் மேன்' பாடி, கனவான் வேஷத்தைக் கிழித்துவிட்டார்கள். யாரையும் அவமதிக்கவும் நான் சொல்லவில்லை. ஆளை அடையாளம் காட்டாமல் பழக்கத்தைப் பிடியுங்கோ.

இன்னொன்றும் சொல்ல வேணும். கொழும்பில் தமிழ் பேண்ட் என்றால் சினிமாப் பாட்டுத்தான் கேட்கிறார்கள். சொந்தப் பாட்டுக்குக் கடைசியில் ஒரு துண்டு நேரம், அதுவும் சவுண்ட் செக் இல்லாமல். கிட்டாரை ஏற்றிக் குரலை அமுக்கிவிடுவார்கள். சொல் கேட்காவிட்டால் நக்கலுக்கு என்ன வேலை? ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரில் நிற்பவரிடம் கிட்டாரில் 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் வரையான அதிர்வெண்களைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கோ. மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கிறது அந்த இடத்தில்தான்.