விண்கப்பலில் மரைன்களுக்கு என்ன வேலை? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

விண்வெளிப் போரை வைத்து ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு குறுங்கோளில் இருக்கும் சுரங்க நிலையத்தைக் கிளர்ச்சிக்காரர்கள் பிடித்துவிடுகிறார்கள். அதை மீட்க 12 பேர் கொண்ட மரைன் குழு (கப்பலோடு போய் இறங்கிச் சண்டையிடும் காலாட்படை) போகிறது. பொறுக்கியெடுத்த ஆட்கள். முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்த நண்பர், "ஏவுகணையும் ட்ரோனும் இருக்கும் காலத்தில் மனிதன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எதற்குப் போக வேண்டும்? இதெல்லாம் வெறும் கவர்ச்சி" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. விண்வெளிக் கடற்படையில் இப்படி ஒரு படைக்கு உண்மையிலேயே இடம் உண்டா? அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

இடம் உண்டு. ஏவுகணை இருப்பதால்தான் அந்த இடமே உருவாகிறது.

கடலோரக் கோட்டையைப் பீரங்கியால் அடித்தால், உள்ளே இருப்பவர்கள் காட்டுக்குள் ஓடித் தப்பலாம். உங்கள் சுரங்க நிலையத்தை அடித்தால் ஓடுவதற்கு இடமே இல்லை. கிளர்ச்சிக்காரன், பிணைக்கைதி, சமையல்காரர், குழந்தை எல்லோரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். விண்வெளியில் கைப்பற்றத் தகுந்தவை எல்லாமே காற்று அடைத்த கூடுகள். அழிக்க ஓர் ஏவுகணை போதும். முழுசாகத் திரும்பப் பெற வேண்டுமென்றால் யாராவது கதவு வழியாக உள்ளே போயாக வேண்டும். ட்ரோன் முதலில் போகட்டும், தவறில்லை. ஆனால் உள்ளே இருக்கும் காற்றை வெளியே போகாமல் தடுக்கும் காற்றடைப்புக் கதவின் நெம்புகோலில் கை வைத்து நிற்கும் பதினேழு வயதுப் பையனைச் சுடுவதா, அவனோடு பேசுவதா என்பதை ஒருவர் அங்கேயே, அந்த நொடியிலேயே தீர்மானிக்க வேண்டும். பிறகு விசாரணையில் அதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கும் பூமிக்கும் நடுவே செய்தி ஒரு வழி போகவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். தலைமையகத்தைக் கேட்டுச் செய்யும் காரியம் இல்லை இது.

உங்கள் முதல் அத்தியாயத்தில் கப்பல் பாய்ந்து வந்து நிலையத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அது நடக்காது. இன்றைய விண்கலங்கள் இணையும்போது கடைசி நெருக்கத்தில் வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கிறது. வேகத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவராமல் யாரும் யார் கதவையும் தொட முடியாது. அந்தக் கடைசி சில நூறு மீட்டரில் உங்கள் 12 பேரும் மறைவிடம் இல்லாமல் மிதந்து வருவார்கள். இரண்டாம் உலகப் போரில், 1943 நவம்பரில், ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த பசிபிக் கடலின் தாராவாவில், பெட்டியோ தீவில் இறங்கிய அமெரிக்க மரைன்களுக்கு இதுதான் நேர்ந்தது. அலை ஏற்றம் எதிர்பார்த்த அளவு வரவில்லை. பவளத்திட்டின் மேல் தண்ணீர் போதாமல் படகுகள் மாட்டிக்கொண்டன. இறங்கி, நெஞ்சளவு நீரில் பல நூறு மீட்டர் நடந்தார்கள், இயந்திரத் துப்பாக்கிகளுக்கு நேராக. 76 மணி நேரச் சண்டையில் அந்தச் சின்னத் தீவுக்காக அமெரிக்கர்களில் மட்டும் ஆயிரம் பேர் அளவில் செத்தார்கள். உங்கள் கதையில் அந்தத் திட்டு எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். கப்பலின் பீரங்கிகள் கூட்டை உடைக்காமல் உள்ளே இருப்பவர்களின் தலையை எப்படித் தாழ்த்தி வைக்கும்? கொஞ்சம் குறி பிசகினாலும் மீட்கப் போன ஆட்களே கொலைகாரர்கள் ஆகிவிடுவார்கள். இதற்கு மட்டுமே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

சின்ன விஷயங்கள் இரண்டு. தோட்டா துளைத்ததும் ஆட்கள் வெளியே உறிஞ்சப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். 100 கன மீட்டர் அறையில் 1 சென்டிமீட்டர் துளை விழுந்தால் பாதிக் காற்று வெளியேறவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2018 ஆகஸ்டில் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று தெரிந்தபோது, வீரர்கள் பசையை வைத்து அடைத்தார்கள். சுவருக்குப் பின்னால் போகும் குழாயும் மின்கம்பியும்தான் உண்மையான ஆபத்து. இன்னொன்று, மிதந்தபடி சுடுவது. உடையோடு 180 கிலோ இருக்கும் ஆள் 30 தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால், நொடிக்கு அரை மீட்டருக்கும் மேலான வேகத்தில் பின்னால் போவார். அதோடு சுழலவும் செய்வார். எங்கே காலை மாட்டிக்கொள்வது என்று தெரிந்தவர்தான் அங்கே நல்ல வீரர்.

அடுத்தது, என் மனதில் பெரிதாக நிற்பது. அபாய மணி அடித்து இரண்டு நிமிடத்தில் உங்கள் மரைன்கள் உடையணிந்து குதித்துவிடுகிறார்கள். இன்றைய அமெரிக்க விண்வெளி உடைக்குள் இருப்பது வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, அதுவும் தூய ஆக்சிஜன். அழுத்தத்தைக் கூட்டினால் உடை பலூன்போல் விறைத்துவிடும். 1965 மார்ச் 18 அன்று முதல் விண்நடை போன லியோனவ், உடையிலிருந்து காற்றைத் திறந்துவிட்டுத்தான் கலத்துக்குள் திரும்ப நுழைய முடிந்தது. கப்பலின் சாதாரண அழுத்தத்திலிருந்து திடீரென்று இந்தக் குறைந்த அழுத்தத்துக்குப் போனால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழியிடும். அதனால் மணிக்கணக்கில் ஆக்சிஜன் சுவாசித்துத் தயாராக வேண்டியிருக்கிறது. விண்வெளி நிலையத்தில் முந்தைய இரவே காற்றடைப்பு அறைக்குள் அழுத்தத்தைக் குறைத்துத் தூங்கியிருக்கிறார்கள்.

எந்நேரமும் தயாராக இருக்க வேண்டிய படை என்ன செய்யும்? கப்பலுக்குள்ளேயே குறைந்த அழுத்தப் பகுதி ஒன்றில் மாதக்கணக்கில் தனியாக வாழும். மாலுமிகள் நினைத்த நேரத்தில் உள்ளே வர முடியாது, இவர்களும் வெளியே போக முடியாது. ஒரே கப்பலில் இரண்டு ஊர்கள்.

இதை அறிந்ததும் எனக்குப் பழைய பாய்மரக் கப்பல்கள் நினைவுக்கு வந்தன. இங்கிலாந்து 1664இல் 1,200 பேரை வைத்துத் தன் முதல் கடற்காலாட்படையை உருவாக்கியது. ஸ்பெயினின் படை அதைவிடப் பழையது, 1537. இவர்கள் பாய்மரத்தின் உச்சியிலிருந்து எதிரிக் கப்பலின் தளத்தை நோக்கிச் சுட்டார்கள், கரையிறங்கிப் போரிட்டார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த பாதி. மற்றப் பாதி, ஆங்கிலேயக் கப்பல்களில் அவர்களுடைய படுக்கைகள் மாலுமிகளுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில் இருந்தன. வெடிமருந்து அறைக்கும் கப்பல் தலைவரின் அறைக்கும் வாசலில் அவர்கள்தான் காவல். கலகம் மூண்டால் தங்களோடு ஒரே கப்பலில் வாழ்ந்த மாலுமிகளையே அவர்கள் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

விண்வெளி மரைன்களைப் பற்றி எழுதும் பெரும்பாலோர் கவசத்தையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் இந்தப் படையின் கதையே இங்குதான் இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்கிறீர்களே, எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள்? குறி தவறாமல் சுடுவதற்கு மட்டும் என்றால் அந்த 12 பேரில் யாரும் என் நினைவில் நிற்கமாட்டார்கள். பயந்துபோன கூட்டத்தின் நடுவே சுடாமல் நிற்கத் தெரிந்ததற்காக என்றால் அவர்களை நான் மறக்கமாட்டேன்.

உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில், கப்பலின் பீரங்கிப் பிரிவில் இருக்கும் ஒரு பெண்ணின் அண்ணன் அந்தச் சுரங்கத்தில் வேலை பார்ப்பதாக ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். அங்கே நில்லுங்கள். நிலையத்தை நோக்கிச் சுட அவள் மறுத்தால் தலைவர் யாரைக் கூப்பிடுவார்? குறைந்த அழுத்தப் பகுதியின் கதவைத் திறந்துகொண்டு, கப்பலின் உட்பக்கமாக வரப்போவது உங்கள் 12 பேர்தான். அந்த 12 பேரின் படைத்தலைவிக்கு இரண்டு உத்தரவுகள் ஒரே நேரத்தில் கிடைக்கட்டும். நிலையத்துக்குப் போவதற்கு முன்னால் அவள் எந்தக் கதவை நோக்கி நடக்கிறாள் என்பதை எழுதுங்கள். எழுதியதும் அனுப்புங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்.