மோல் செக்யூரிட்டி, பொலிஸ், எம்.பி: ஆசைப்படலாமா?

தம்பி, நீர் கேட்டதன் சாரம் இதுதான்: கனடா வந்து ஒன்றரை வருடம், இரவில் ஒரு மோலில் செக்யூரிட்டி வேலை, பொலிஸில் சேர ஆசை. கூட இருக்கிற பெடியள் "வெளிநாட்டில் பிறந்தவனுக்கு அந்த உடுப்பே பெரிசு, அதற்கு மேல் எங்கே போகப் போகிறாய்" என்று சிரிக்கிறார்கள். நானும் வந்த புதிதில் நான்கு வருடம் அதே வேலைதான் செய்தேன். மூடின கடைகளின் ஷட்டரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, தாளில் நேரம் எழுதி, விடியும்வரை கண்ணை மூடாமல் இருக்கிற வேலை. சிரிக்கிறவர்களிடம் ஜூலியன் ஃபன்டீனோ யார் என்று கேளும்.

மனிதர் 1942இல் இத்தாலியில் பிறந்து 11 வயதில் இங்கே வந்தவர். யோர்க்டேல் மோலில் செக்யூரிட்டியாக நின்றவர், 1969இல் ரொறொன்ரோ பொலிஸில் சேர்ந்தார். பிறகு லண்டன் (இங்கத்தைய ஒன்ராறியோ லண்டன், மாறி விளங்கிவிடாதேயும்), யோர்க் பிராந்தியம், 2000இல் ரொறொன்ரோ என்று மூன்று இடத்தில் பொலிஸ் தலைவர். 2006இல் ஒன்ராறியோ மாகாணப் பொலிஸுக்கே ஆணையாளர். ஓய்வுபெற்ற கையோடு 2010 நவம்பரில், ரொறொன்ரோவுக்கு வடக்கே இருக்கிற வோன் தொகுதி இடைத்தேர்தலில் கொன்சர்வேட்டிவ் கட்சிக்கு நின்றார்.

அப்போது நான் அந்தப் பக்கம் பீட்சா டெலிவரி செய்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டு முற்றத்தில் கொன்சர்வேட்டிவின் நீலப் பலகை, பக்கத்து வீட்டில் லிபரலின் சிவப்புப் பலகை, இரண்டு பேரும் இத்தாலியர், இரண்டு பேரும் ஒரே சொஸேஜ் பீட்சா. இருபது வருடத்துக்கு மேல் லிபரல் கையில் இருந்த இடத்தை ஃபன்டீனோ வெறும் 964 வாக்கில் பிடித்தார். ஜனவரியில் முதியோருக்கான இராஜாங்க அமைச்சர்! அடுத்த மே பொதுத்தேர்தலில் வித்தியாசம் நன்றாகக் கூடியது. எங்கட ஆட்களுக்கு அந்த இடைத்தேர்தல் வெற்றி அவ்வளவு ருசிக்கவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்புதான் சன் சீ கப்பலில் 492 தமிழர் அகதி கேட்டு வந்து இறங்கியிருந்தார்கள், பிரதமர் ஹார்ப்பரின் கொன்சர்வேட்டிவ் அரசு ஆட்கடத்தல் சட்டமூலம் என்று குதித்துக்கொண்டிருந்த நேரம்.

ஆனால் தம்பி, ஏறின கதையை மட்டும் சொன்னால் அரைக்கதை. 2013இல் அவரை முன்னாள் படைவீரர் விவகார அமைச்சராகப் போட்டார்கள். அரசு அவர்களுக்கான அலுவலகங்கள் பலவற்றை மூடப் போகிறது என்று அடுத்த ஜனவரியில் வயதான படைவீரர்கள் ஒட்டாவாவுக்கு நேரில் வந்தார்கள். இவர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி வந்து, வாய்த்தர்க்கம் பட்டு, பாதியில் எழும்பிப் போய்விட்டார், எல்லாம் கமராவுக்கு முன்னால். மறுநாள் மன்னிப்புக் கேட்க வேண்டியதாய்ப் போயிற்று. நாற்பது வருடம் கட்டளை போட்ட குரல், வாக்குக் கேட்டு வாழ்கிற இடத்தில் எடுபடவில்லை, என் கணக்கு அவ்வளவுதான். 2015 ஜனவரியில் அந்த அமைச்சு போனது, ஒக்டோபரில் தொகுதியும் போனது.

சிரிப்பு அதற்குப் பிறகுதான். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதைக் கொலையைச் சட்டபூர்வமாக்குவதோடு ஒப்பிட்ட அதே ஆள், 2017இல் மருத்துவக் கஞ்சாக் கம்பனி ஒன்றைத் திறந்துவைத்தார். படைவீரர்கள் சொல்லித்தான் மனம் மாறினாராம்.

பொலிஸ் என்றாலே நீலக் கட்சி என்றும் நினைக்காதேயும். 2009 மே மாதம் இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் ரொறொன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்துப் பிள்ளைகுட்டியோடு இருந்தபோது ரொறொன்ரோ பொலிஸ் தலைவர் பில் பிளேர். அவர் 2015இல் ஸ்காபரோ தென்மேற்கில் லிபரல் எம்.பி, பிறகு அமைச்சர். நான் எந்தப் பக்கம் வாக்குப் போடுகிறேன் என்பது உமக்குத் தேவையில்லை.

சரி, உம்முடைய விஷயம். 2023இல் ஒன்ராறியோ விதியை இளக்கிவிட்டது, பல்கலைக்கழகம், கொலிஜ் தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்புப் போதும், எய்ல்மரில் இருக்கிற பொலிஸ் கல்லூரிப் பயிற்சிக்குக் கட்டணமும் இல்லை. ஊரில் படித்த சான்றிதழை இங்கத்தைய தரத்துக்கு ஒப்பிட்டு எடுத்துவையும். ஓட்டச் சோதனையில்தான் எங்கட பெடியள் கனபேர் விழுகிறவர்கள், இரவு வேலை முடிந்து நேரே படுக்காமல் அரை மணித்தியாலம் ஓடும். பின்னணி விசாரிப்பில் கடன், வேகத் தண்டனை, முன்னாள் முதலாளி எல்லாம் தோண்டுவார்கள், ஒன்றையும் மறைக்காதேயும். அரசியலுக்கு நிற்கக் குடியுரிமை வேண்டும், அது பிறகு பார்க்கலாம், பொலிஸுக்கு நிரந்தர வதிவுரிமை (பிஆர்) போதும்.

உம்முடைய பிஆர் அட்டை கைக்கு வந்துவிட்டதா, இல்லை அகதிக் கோரிக்கை இன்னும் ஓடுகிறதா? அதைச் சொல்லும், மிச்சத்தை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.