பெரியப்பா சொன்ன தலைப்பு வேண்டாம்

அம்மா, வணக்கம். வரலாற்றுக் கட்டுரைக்குத் தலைப்பு கொடுக்கப் பத்து நாள்தான் இருக்கிறது, உங்கள் மகள் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நேற்று கண் கலங்கினீர்கள். பத்து நாள் போதும், பயப்படாதீர்கள். ஆனால் நீங்கள் முடிவுசெய்து கொண்டுவந்த தலைப்பு வேண்டாம்.

'ஹிட்லர் ஆட்சிக்கு வந்த காரணங்கள்' பெரியப்பா சொன்னது. பெரிய தலைப்பு, பல்கலைக்கழகத்தில் மதிப்பு என்கிறார். அவருடைய அக்கறை புரிகிறது. ஆனால் முதல் உலகப் போர் முடிந்தபின் வந்த வெர்சாய் ஒப்பந்தம், 1929 பொருளாதாரச் சரிவு, 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவியேற்றது என்று பாடநூலில் இருக்கிற வரிசையைத்தான் அவளும் திருப்பி எழுதப் போகிறாள். ஜெர்மன் தெரியாததால் மூல ஆவணங்களும் யாரோ பொறுக்கி மொழிபெயர்த்ததாகவே கைக்கு வரும். தலைப்பு பெரிது என்பதற்காக யாரும் மதிப்பெண் போடுவதில்லை. கேள்வி எவ்வளவு குறுகலாக இருக்கிறது, சான்றை எப்படிக் குடைந்து பார்த்திருக்கிறாள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாக ஒன்று சொன்னாள்: "சாதாரண ஜனங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு எங்கேயுமே போட மாட்டேங்கிறாங்க." நீங்கள் 'சும்மா இரு' என்றீர்கள். எனக்கு அங்கேதான் தலைப்பு கிடைத்தது.

நீதிமன்ற விசாரணைப் பதிவுகளைப் பள்ளிப் பிள்ளைகள் தொடுவதே இல்லை. லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் பதிவுகள் 1674 முதல் 1913 வரை, ஒரு லட்சத்து தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள், இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. குற்றம், தண்டனை, ஆணா பெண்ணா என்று பிரித்துத் தேடலாம். 1780களின் வீட்டுத் திருட்டு வழக்கு ஒன்றைத் திறந்து பாருங்கள். காணாமல்போன துணிமணி, வெள்ளிக் கரண்டி என்று ஒவ்வொன்றுக்கும் விலை போட்டிருக்கும். அப்புறம் வீட்டுக்காரரும் அடகுக்கடைக்காரரும் வேலைக்காரியும் பேசுவார்கள்.

1713இல் வந்த சட்டப்படி வீட்டுக்குள் 40 ஷில்லிங்கோ (ஷில்லிங் அந்தக் கால ஆங்கிலேயக் காசு) அதற்கு மேலோ திருடினால் தூக்கு. அதனால் குற்றப்பத்திரிகையில் பொருளின் மதிப்பு அதைத் தாண்டியிருந்தாலும், குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்களான ஜூரிகள் பல வழக்குகளில் '39 ஷில்லிங் மதிப்புக்குக் குற்றவாளி' என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஒரே ஒரு ஷில்லிங்கில் ஓர் உயிர் தப்பியது. இந்த 39 திரும்பத் திரும்ப வருவதை அவளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அங்கிருந்து கேள்வி தானாக வரும்: மதிப்பைக் குறைத்த இந்தச் சலுகை ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே மாதிரி கிடைத்ததா? இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, குற்றப்பத்திரிகை மதிப்பு, தீர்ப்பு மதிப்பு, தண்டனை, குற்றவாளி ஆணா பெண்ணா, அந்த வீட்டு வேலையாளா வெளியாளா என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு நிரப்பட்டும். அவள் கையால் எண்ணிய எண்ணிக்கை வேறு யார் கட்டுரையிலும் இருக்காது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இந்தப் பதிவுகள் விற்பனைக்காக அச்சடிக்கப்பட்டவை, பல வழக்குகளைச் சுருக்கிவிட்டார்கள். ஜூரிகள் தங்களுக்குள் என்ன பேசினார்கள் என்பதும் இதில் இல்லை. ஆகவே 'இரக்கத்தால் குறைத்தார்கள்' என்று அவள் அடித்து எழுதக் கூடாது. 1760களில் சட்ட விளக்க நூல் எழுதிய பிளாக்ஸ்டன் இந்தப் பழக்கத்தை ஒருவகைப் புண்ணியப் பொய்ச்சத்தியம், அதாவது நல்ல நோக்கத்தோடு சத்தியத்தை மீறிச் சொல்லும் பொய், என்று குறித்திருக்கிறார். அதைப் பதிவுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசட்டும். பிறகு இதே விஷயத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் இரண்டு மூன்று பேரைப் படித்து, அவர்களோடு எங்கே ஒத்துப்போகிறாள், எங்கே முரண்படுகிறாள் என்று எழுதினால் போதும். புத்தகங்களை நூலகத்தில் கேளுங்கள். எதையும் விலைக்கு வாங்க வேண்டாம்.

பணம் என்றதும் இன்னொன்று. 'கட்டுரை வழிகாட்டித் தொகுப்பு' என்று ஒருவர் முன்பணம் கேட்பதாகச் சொன்னீர்களே, அதைக் கொடுக்காதீர்கள். அவர் எழுதித் தருவதை இவள் தன் பெயரில் கொடுத்தால் நேர்மைக் கேடு. மாட்டிக்கொண்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் மகளின் படிப்புதான் கெடும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன். இந்த வாரக் கடைசிக்குள் அவள் பத்து வழக்குகளைப் படிக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிக் குறிப்பு போதும். திங்கட்கிழமை அந்த நோட்டோடு அவளை மட்டும் அனுப்புங்கள்.