95 டிகிரி என்பதாலேயே கூலர் பழுது என்று அர்த்தமில்லை

ரைசன் 9 7950எக்ஸ் பிராசசரில் சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையை ஓட்டிய சில நொடிகளிலேயே 95 டிகிரி தொடுகிறது, புது 240 மி.மீ. வாட்டர் கூலர் பழுதா என்று கேட்டிருந்தீர்கள். பதறாதீர்கள். அந்தச் சிப் முழு வேலையில் 95 வரை ஏறி அங்கேயே ஓடும்படிதான் அதன் தயாரிப்பாளரான ஏஎம்டி வடிவமைத்திருக்கிறது.

டிகிரியை விடுங்கள், எத்தனை வாட் இழுக்கிறது என்று எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பாருங்கள். 200 வாட் அளவில் இழுத்துக்கொண்டு 95-இல் நின்றால் கூலர் ஒழுங்காகத்தான் இருக்கிறது. 120 வாட்டிலேயே 95 என்றால்தான் சந்தேகம். அப்போது பம்ப் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பார்த்துவிட்டு இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றது சில்லென்றிருந்தால் தண்ணீர் ஓடவில்லை. ஆர்பிஎம் சரியாக இருந்தும் இரண்டுமே ஆறிக் கிடந்தால் சிப் மேல் உட்காரும் பிளாக்கைக் கழற்றுங்கள். அடியில் பிளாஸ்டிக் தாள் உரிக்காமல் இருக்கலாம், சிரிக்காதீர்கள், பலருக்கும் நடப்பதுதான். அப்புறம், தண்ணீர் சூடேறவே நேரமாகும். அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு எண்களைப் போடுங்கள்.