திருச்சி–கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர்–மெல்போர்ன் வேறு டிக்கெட். பெட்டியைத் திருச்சியிலேயே மெல்போர்ன் வரை போட்டுவிட முடியுமா?

முடியாது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

கேள்வியில் விமானத்தின் பெயர் இல்லை. அநேகமாக இப்படித்தான் இருக்கும்: திருச்சியிலிருந்து ஏர் ஏசியா, கோலாலம்பூரிலிருந்து மலேசியா ஏர்லைன்ஸ். தனித்தனியாக எடுத்தால் சில ஆயிரம் மிச்சமாகிறது. போகப்போவது நீங்கள் இல்லை, அப்பா அம்மா. வேறு மாதிரி இருந்தாலும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும்.

பெட்டி உங்கள் பயணத்தோடு போவதில்லை, டிக்கெட்டோடு போகிறது. முதல் டிக்கெட் கோலாலம்பூரில் முடிகிறது என்றால் அந்த நிறுவனத்தின் பொறுப்பும் அங்கே முடிகிறது. அதற்கு மேல் கொண்டுபோக இரண்டு விஷயம் அமைய வேண்டும். ஒன்று, இரு நிறுவனங்களுக்கும் இடையே இன்டர்லைன் ஒப்பந்தம், அதாவது ஒருவரின் பயணியையும் பெட்டியையும் மற்றவர் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு. இரண்டாவது, தனித்தனி பிஎன்ஆர் (புக்கிங் எண்) இருந்தாலும் அந்த ஒப்பந்தத்தின்கீழ் பெட்டி ஏற்கலாம் என்ற கொள்கை. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத நிறுவனங்கள் நிறைய. பட்ஜெட் விமானங்களில் பெரும்பாலும் முதலாவதே கிடையாது.

"மலேசியா ஏர்லைன்ஸ் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருக்கிறதே" என்று சிலர் வாதாடுவார்கள். ஏர் ஏசியா எந்தக் கூட்டணியிலும் இல்லை, அதனால் இந்த வழியில் அந்த வாதம் எடுபடாது. இரண்டுமே ஒன்வேர்ல்ட் என்றாலும் உத்தரவாதம் கிடையாது: தனி டிக்கெட்டுகளுக்கும் பெட்டியைக் கடைசிவரை போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அந்தக் கூட்டணி 2016-லேயே நீக்கிவிட்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஒரு படி மேலே போய், தன்னுடைய இரண்டு விமானங்களே ஆனாலும் புக்கிங் தனித்தனி என்றால் பெட்டியை அடுத்த விமானத்துக்குப் போடுவதில்லை என்று வைத்தது.

"எனக்குப் போன வருஷம் போட்டுக் கொடுத்தாங்களே" என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதத்தான் போகிறார். எழுதட்டும். கவுண்டரில் இருப்பவர் நல்ல மனதோடு, கணினியும் அனுமதித்து, போட்டுக் கொடுத்திருக்கலாம். அதை நம்பி மூன்று மணி நேர இடைவெளியில் அடுத்த டிக்கெட்டை எடுத்து அப்பா அம்மாவை அனுப்பக் கூடாது, அவ்வளவுதான் நான் சொல்வது.

கவுண்டரில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது புரியும். கடைசிவரை பெட்டி போட வேண்டுமானால் ஊழியர் அடுத்த விமானத்தின் எண்ணையும் தேதியையும் கணினியில் ஏற்ற வேண்டும். அது ஏற்றுக்கொண்டால் பத்து இலக்க எண்ணோடு டேக் அச்சாகும். அதே எண் ஒரு மின்செய்தியாக, அடுத்த விமானம் ஏறும் நிலையத்துக்கும் போகும். அங்கே பெட்டி பெல்ட்டில் ஓடும்போது இயந்திரம் பார்கோடைப் படித்து, அந்தச் செய்தியோடு ஒப்பிட்டு, உரிய விமானத்தின் பக்கம் தள்ளிவிடும். செய்தி போய்ச் சேரவில்லை என்றால் பெட்டி தனியாக ஒதுங்கும், ஆள் வந்து பார்க்க வேண்டும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஏறாத பயணியின் பெட்டி விமானத்தில் இருக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. ஆகவே இரண்டாவது விமானத்தின் பயணிப் பதிவில் அந்த டேக் எண் இல்லையென்றால் "இது யாருடையது?" என்று ஏற்றாமலே விட்டுவிடுவார்கள். நல்லெண்ணத்தில் போட்டுக் கொடுத்த டேக் பல நேரம் இந்த இடத்தில்தான் சிக்குகிறது.

அதனால் கவுண்டரில் என்ன வாக்குறுதி கொடுத்தாலும் டேக்கைப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் மூன்றெழுத்துதான் பெட்டி போய்ச் சேரும் ஊர். எம்இஎல் என்றிருந்தால் மெல்போர்ன், கேயூஎல் என்றிருந்தால் கோலாலம்பூர். கையில் கொடுக்கும் துண்டுச் சீட்டிலும் அதே எழுத்தும் அதே பத்து இலக்க எண்ணும் இருக்கும். இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எம்இஎல் டேக் கிடைத்து, அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸ் கிடைக்கவில்லை என்றால், கோலாலம்பூரில் டிரான்ஸ்ஃபர் கவுண்டருக்குப் போய் அந்தச் சீட்டைக் காட்டி, எண்ணைத் தங்கள் பதிவில் சேர்க்கச் சொல்ல வேண்டும். சேர்த்துவிட்டார்களா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இனி, கேயூஎல் டேக்தான் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதுதான் நடக்கும்.

ஏர் ஏசியா இறங்குவது கேஎல்ஐஏ எனப்படும் கோலாலம்பூர் விமான நிலையத்தின் டெர்மினல் 2. மலேசியா ஏர்லைன்ஸ் கிளம்புவது டெர்மினல் 1. இரண்டுக்கும் நடுவே இமிகிரேஷனைத் தாண்டாமல் போகிற வழி கிடையாது. கையில் 7 கிலோ பையோடு மட்டும் போகிறவர்களும் மலேசியாவுக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். இறங்கியதும் டிரான்ஸ்ஃபர் பலகையைப் பார்த்துத் திரும்பிவிடாமல், வருகை என்று காட்டும் பக்கம் நடக்க வேண்டும். தனியாகப் போகும் பெரியவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்; ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இமிகிரேஷன், பெட்டி பெல்ட், சுங்கம் தாண்டி வெளியே வந்தால் முனையத்தை ஒட்டிய வணிக வளாகம். அதற்குள்ளேயே ரயில் நிலையம். டெர்மினல் 1 ஒரே நிறுத்தம், மூன்று நிமிட ஓட்டம், கட்டணம் 2 ரிங்கிட். இலவசப் பேருந்தும் உண்டு, ஆனால் இரண்டு பெரிய பெட்டியோடு ரயில்தான் சௌகரியம். டெர்மினல் 1-இல் லிஃப்டில் ஐந்தாவது தளம் போனால் புறப்பாட்டுக் கவுண்டர்கள்.

நேரக் கணக்கைக் கழித்தல் முறையில் போடுங்கள். கவுண்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். விமானத்திலிருந்து இறங்கி நடக்க அரை மணி. இமிகிரேஷன் வரிசை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை போகலாம். பெட்டிக்கு அரை மணி. ரயிலுக்குக் காத்திருந்து அடுத்த முனையத்தின் கவுண்டரைக் கண்டுபிடிக்க முக்கால் மணி. முதல் விமானம் நேரத்துக்கு வந்தாலே மூன்றேகால் மணியிலிருந்து நாலேகால் மணி நேரம் வரை ஆகிவிடுகிறது. ஆறு மணி நேரத்துக்குக் குறைந்து எடுக்காதீர்கள். அந்த நாளின் கடைசி மெல்போர்ன் விமானமாகவும் இருக்க வேண்டாம்.

உள்ளே நுழைவதென்றால் விசா கேள்வி வருகிறது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இது காலவரையறை உள்ள சலுகை, நீட்டித்து நீட்டித்துத்தான் வருகிறது. பயணத் தேதியில் அமலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. இதே திட்டத்தைச் சிங்கப்பூர் வழியாகப் போட்டால் இந்தியர்களுக்கு விசா தேவை. செல்லுபடியாகும் ஆஸ்திரேலிய, அமெரிக்க, பிரிட்டன் விசா போன்றவை வைத்திருந்து, அடுத்த டிக்கெட்டும் உறுதியாக இருந்தால், 96 மணி நேர டிரான்ஸிட் சலுகை கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அங்குள்ள அதிகாரி முடிவு. ஐரோப்பா வழி என்றால் இன்னும் கவனம். ஷெங்கன் விமான நிலைய டிரான்ஸிட் விசா முனையத்துக்குள் இருக்க மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு பெட்டி எடுக்க வெளியே வர முடியாது. தனி டிக்கெட்டும் தனி டேக்குமாக ஃபிராங்க்ஃபர்ட் வழியே போக நினைப்பவர்களை ஊரில் கவுண்டரிலேயே திருப்பி அனுப்புவதற்கு இதுதான் காரணம்.

எடை அடுத்த பொறி. ஏர் ஏசியாவில் முன்கூட்டியே எத்தனை கிலோ வாங்கினீர்களோ அவ்வளவுதான். அடுத்த டிக்கெட்டில் வேறு அளவு. இரண்டில் எது குறைவோ அதற்கே பெட்டி கட்டுங்கள். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் எந்தக் கட்டணம் கட்டினாலும் பெரும்பாலான இடங்களில் ஏற்க மாட்டார்கள்.

இதே தவறு உள்நாட்டு இணைப்பில் இன்னும் செலவு வைக்கும். மதுரை–சென்னை தனி டிக்கெட், சென்னையிலிருந்து வெளிநாடு தனி டிக்கெட் என்றால், உள்நாட்டு எகானமியில் பொதுவாக 15 கிலோதான். வெளிநாட்டு டிக்கெட்டில் 23 கிலோ பெட்டி இரண்டு அனுமதி இருந்தாலும் மதுரையில் மீதி 31 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தால் வெளிநாட்டு அளவே மதுரையிலிருந்தும் பொருந்துவது வழக்கம். அந்தக் கூடுதல் எடைக் கட்டணத்தைச் சேர்த்துப் பார்த்தால் மலிவான டிக்கெட் மலிவாக இருக்காது. பேசாமல் சென்னை வரை ரயிலில் போய்விடலாம்.

எடை என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மெல்போர்னுக்கு இத்தனை கிலோ எதற்கு? மெல்போர்ன் புறநகரான டாண்டினாங்கில் கிடைக்காத சாம்பார்ப் பொடியா, இட்லி அரிசியா? மகன் கேட்டான் என்று அம்மாக்கள் எட்டு கிலோ மளிகையைச் சுமக்கிறார்கள். மகனுக்கு அந்தக் கடை இருபது நிமிட கார்ப் பயணம். ஊறுகாய் டப்பா உடைந்து புடவையில் வழிந்த பிறகு யாரைத் திட்டுவது? கொண்டுபோவதென்றால் ஆஸ்திரேலிய வருகைச் சீட்டில் உணவு என்ற இடத்தில் "ஆம்" என்று போடுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் பிடுங்கிக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம்.

பொறுப்புக்கு வருவோம். இந்தியாவும் சேர்ந்துள்ள 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, சர்வதேசப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலோ தாமதமானாலோ சேதமானாலோ ஒரு பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). 2024 டிசம்பர் 28-க்கு முன்பு இது 1,288. ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். இது உச்சவரம்பு, தானாகக் கையில் விழும் தொகை இல்லை. சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். ஒரே பயணமாக விற்ற டிக்கெட்டில் முதல் நிறுவனத்தையும் கேட்கலாம், கடைசி நிறுவனத்தையும் கேட்கலாம். தனி டிக்கெட்டில் எந்தக் கட்டத்தில் தொலைந்தது என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில். அதனால் கோலாலம்பூரில் பெட்டி வரவில்லை என்றால் "மெல்போர்னில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நகராதீர்கள். பெல்ட் இருக்கும் அறையை விட்டு வெளியே வருமுன் பிஐஆர் என்ற பெட்டிப் புகார்ப் படிவத்தை எழுதி, எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி. டிக்கெட் பணம் போவதோடு, அதே டிக்கெட்டில் இருக்கும் திரும்பும் பயணமும் ரத்தாகிவிடலாம். பயணக் காப்பீட்டில் இதற்கு ஈடு இருக்கிறது என்று விற்பவர் சொன்னால், தனித்தனி டிக்கெட்டுக்கும் பொருந்துமா, குறைந்தபட்ச இடைவெளி எத்தனை மணி என்று பாலிசியில் படித்துப் பாருங்கள்.

சக்கர நாற்காலி கேட்டிருந்தால் அதுவும் இரண்டு தனி ஏற்பாடு. முதல் நிறுவனத்தின் ஆள் வருகை வாசல் வரைதான் தள்ளுவார். ரயில், லிஃப்ட், அடுத்த முனையம் எல்லாம் உங்கள் பாடு. அடுத்த நாற்காலி இரண்டாவது நிறுவனத்தின் கவுண்டரிலிருந்து தொடங்கும், அதையும் முன்கூட்டியே அவர்களிடம் தனியாகப் பதிய வேண்டும். பெரியவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே தனி டிக்கெட் வேண்டாம் என்பேன்.

இன்னும் பணம் கட்டவில்லை என்றால் மாற்று இருக்கிறது. ஏர் ஏசியாவிலேயே ஃப்ளை த்ரூ என்று திருச்சி–கோலாலம்பூர்–மெல்போர்ன் ஒரே புக்கிங்காக விற்கும்போது பெட்டி நேராகப் போகும், மலேசிய இமிகிரேஷன் கிடையாது. இரண்டு கட்டத்தையும் அதே நிறுவனத்தில் தனித்தனியாக வாங்கினால் இது கிடைக்காது. ஸ்ரீலங்கன் திருச்சியிலிருந்து கொழும்பு வழியாக மெல்போர்னுக்கு ஒரே டிக்கெட் தருகிறது. ஏஜென்ட் ஒரே தாளில் இரண்டு விமானத்தையும் அச்சிட்டுக் கொடுத்து "கனெக்டிங்தான் சார்" என்றால் நம்பாதீர்கள். பிஎன்ஆர் ஒன்றா, ஒரே பயணிக்கு இரண்டு விமானத்துக்கும் இ-டிக்கெட் எண் ஒன்றா என்று பாருங்கள். பிஎன்ஆர் இரண்டாகத் தெரிந்தாலும் இ-டிக்கெட் எண் ஒன்றாக இருந்தால் பரவாயில்லை. இ-டிக்கெட் எண்ணே வேறு என்றால் தனி டிக்கெட்தான். இணையத்தில் வாங்கும்போது "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்" என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதும் இதையேதான் சொல்கிறது.

திரும்பி வரும்போது முனையங்கள் தலைகீழ்: டெர்மினல் 1-இல் பெட்டி எடுத்து டெர்மினல் 2-இல் போட வேண்டும். அது மலேசியாவுக்குள் புது நுழைவு என்பதால் வருகை அட்டையை மறுபடி நிரப்ப வேண்டும். போகும்போது நிரப்பியது செல்லாது.